இரு கூட்டத்தாரிடையே காணும் வேற்றுமை: மெய்யா, தற்செயலா?

ஆண்டறிக்கைகளிலும் ஆய்வறிக்கைகளிலும் நூற்று வீதங்கள் மலிந்து கிடப்பதை நம் அங்கத்தினர்கள் கண்டிருப்பார்கள். கடனைத் தவணை தவறாமல் செலுத்தியோர் இந்த வட்டத்தில் நூற்றுக்கு இத்தனை பேர், அந்த வட்டத்தில் இத்தனை பேர் என்று இரண்டு எண்களை அருகருகே வைப்பார்கள். ஆகவே இவ்வட்டத்தார் நாணயத்தில் சிறந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்த வேற்றுமை தற்செயலாக நேர்ந்திருக்கலாமே, ஐயா" என்று கேட்டால், தக்க மறுமொழி கூறுவோர் சிலரே. கேட்டவரும் மறுப்பவரும் குரலை உயர்த்துவதோடு விஷயம் முடிந்துவிடும். இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே ஒரு கணக்கு முறை உண்டு. அதற்குக் கை-வர்க்கச் சோதனை என்று பெயர்.

இஃது ஏதோ கல்லூரி ஆசிரியர்களின் பொழுதுபோக்கு என்று கருதிவிடலாகாது. 1951-52ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு நடைபெற்றது. 75 மாவட்டங்களில் 600 கிராமங்களைப் பொறுக்கி எடுத்து, அங்குள்ள குடும்பங்களை விசாரித்து எழுதப்பட்ட அறிக்கை 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடியானவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்று அது காட்டிற்று. சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசும் பங்கு கொள்ளவேண்டும் என்னும் யோசனையும் அவ்வறிக்கையில்தான் வலியுறுத்தப்பட்டது. வீடு வீடாக எண்ணி எழுதிய எண்கள் நம் சங்கங்களின் அமைப்பையே மாற்றியிருக்கின்றன என்றால், அவ்வாறான எண்களை எடை போடும் வழியை நாம் அறிந்துகொள்வது நம் சொந்தக் காரியமே ஆகும்.

'கை' என்பது நம் கரம் அன்று. கிரேக்க நெடுங்கணக்கில் ஓர் எழுத்தின் பெயர். வர்க்கம் என்பது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது. பெயரைக் கண்டு மிரளவேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் அறிந்த சங்கத்துக் கணக்கர் எவரும் ஒரு நாழிகைக்குள் இதனைச் செய்து முடிக்கலாம்.

இம்முறையை வகுத்தவர் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கில அறிஞர். அதனை அவர் வெளியிட்ட ஆண்டு 1900. அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று பகடை ஆட்டம். அவருடைய நண்பர் வெல்டன் விலங்கியல் பேராசிரியர். பன்னிரண்டு பகடைக் காய்களை 26,306 முறை உருட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை காய்களில் ஐந்தோ ஆறோ விழுந்தது என்று பொறுமையாகக் குறித்து வைத்திருந்தார். காய் ஒன்றுக்கு ஆறு முகங்கள். அவற்றுள் ஐந்தும் ஆறும் இரண்டு. ஆகவே காய்கள் நேர்மையானவையாயின், மூன்றில் ஒரு பங்கு முறை ஐந்தோ ஆறோ விழவேண்டும். மொத்தம் உருண்டவை 3,15,672 காய்கள், எதிர்பார்க்கத்தக்கது 1,05,224. உண்மையில் விழுந்ததோ 1,06,602. மிகுதி 1,378.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட உருட்டல்களில் 1,378 என்பது ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிட்டு நின்றுவிடாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். கண்ட எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வேற்றுமையை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். ஐந்தும் ஆறும் 1,378 மிகுந்தால், மற்ற முகங்கள் அதே 1,378 குறைந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று கழித்துச் சுழியாகிவிடும். அதனைத் தவிர்ப்பதற்காகவே வேற்றுமையை வர்க்கமாக்குகிறோம். பிறகு அவ்வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுக்கிறோம். ஏனெனில் இருபதை எதிர்பார்த்த இடத்தில் பத்து மிகுவது பெரிது; இருபதினாயிரத்தை எதிர்பார்த்த இடத்தில் பத்து மிகுவது ஒன்றுமில்லை. இவ்வாறு வந்த ஈவுகளைக் கூட்டினால் வருவதே கை-வர்க்கம். மேற்கண்ட பகடைக்கு முதல் ஈவு 18, இரண்டாவது ஈவு 9, கூட்டினால் 27. நேர்மையான காய்களைக் கொண்டு இதே ஆட்டத்தை மீண்டும் மீண்டும் ஆடினால், 27ஐ எட்டுவது பல இலட்சம் ஆட்டங்களில் ஒரு முறைதான் நேரும். ஆகையால் காய்கள் நேர்மையற்றவை என்றே கொள்ளவேண்டும். புள்ளிகளுக்காகக் குழி தோண்டியதில் ஐந்து, ஆறு முகங்கள் எடை குறைந்து மேல்நோக்கித் திரும்பின என்று இதற்குக் காரணம் கூறுவர். காரணத்தைக் கணக்கு கூறவில்லை; காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கூறினார்கள். இந்தப் பாகுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் மிகவும் தேவைப்படும்.

இனி மனிதர்களிடம் வருவோம். மக்கட் கூட்டங்களை ஒப்பிடுவதில் இச்சோதனையின் பயனையும் அதனால் விளையக்கூடிய அபாயத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அதன் எண்கள் முழுமையாக அச்சேறியிருப்பதால் நாமே ஒவ்வொரு படியாகச் சரிபார்க்க முடியும். அதன் பொருட்டே கடல் கடந்து செல்கிறோம்.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டில் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். பெண்கள் 4,321 பேர். ஆண்களில் 3,738 பேருக்கு இடம் கிடைத்தது. 4,704 பேருக்குக் கிடைக்கவில்லை. பெண்களில் 1,494 பேருக்கு இடம் கிடைத்தது. 2,827 பேருக்குக் கிடைக்கவில்லை. நூற்று வீதத்தில் கூறினால் ஆண்களுக்கு 44, பெண்களுக்கு 35. பெண்களை வேண்டுமென்றே ஒதுக்கினார்களா என்னும் கேள்வி எழுந்தது. ஒரு பெரிய கல்விச் சாலையின் நியாயத்தைப் பற்றிய கேள்வி அது. ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்வைத் தொட்ட கேள்வியுங்கூட.

மேற்கண்ட நான்கு எண்களையும் தாளில் நான்கு கட்டங்களாக எழுதிக்கொள்வோம். மேல் வரிசை ஆண்கள், கீழ் வரிசை பெண்கள். இடப் பக்கம் இடம் பெற்றோர், வலப் பக்கம் பெறாதோர். ஓரத்தில் மொத்தங்களையும் எழுதவேண்டும். விண்ணப்பித்தோர் யாவரும் 12,763. இடம் பெற்றோர் யாவரும் 5,232. அஃதாவது நூற்றுக்கு 41 பேர்.

இப்பொழுது ஒரு கற்பனை செய்கிறோம். ஆண், பெண் என்னும் வேற்றுமைக்கும் இடம் கிடைப்பதற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் இரு சாராருக்கும் அதே 41 வீதம் கிடைத்திருக்கவேண்டும். ஆண்களில் 3,460.7 பேர், பெண்களில் 1,771.3 பேர் இடம் பெற்றிருப்பார்கள். (ஆளைப் பின்னமாக்கலாமா என்று நகைக்கவேண்டாம், கணக்குக்காக அவ்வாறு வைக்கிறோம்.) இடம் பெறாதோர் முறையே 4,981.3, 2,549.7. பெண்களுக்கு உண்மையில் கிடைத்த இடங்கள் 1,494 மட்டுமே. எனவே குறைவு 277.3. நான்கு கட்டங்களிலும் வேற்றுமை இதே 277.3 தான், ஓரிடத்தில் மிகுதி, ஓரிடத்தில் குறைவு. இதனை வர்க்கமாக்கி, அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பால் வகுத்தால் 22.2, 43.4, 15.4, 30.2 என்று நான்கு ஈவுகள் வருகின்றன. கூட்டுத்தொகை 111க்குச் சற்று மேல்.

111 பெரிதா, சிறிதா என்பதற்கு அட்டவணை இருக்கிறது. நான்கு கட்டங்கள் கொண்ட கணக்கில், தற்செயல் ஒன்றே காரணமாயின், நூறு தடவையில் ஐந்து தடவைதான் கை-வர்க்கம் 3.84ஐத் தாண்டும், ஒரு தடவைதான் 6.63ஐத் தாண்டும், ஆயிரத்தில் ஒரு தடவைதான் 10.83ஐத் தாண்டும். வழக்கில் 3.84ஐ எல்லைக் கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். அது மக்கள் வைத்துக்கொண்ட எல்லையே அன்றி இயற்கை நட்ட கல் அன்று; 3.8க்கும் 3.9க்கும் இடையே உலகம் மாறிவிடுவதில்லை.

இந்த எல்லையைக் குறித்து ஒரு பழைய பூசல் உண்டு. நான்கு கட்டங்களில் மூன்றை நாம் விரும்பியவாறு நிரப்பலாம் என்று கருதிப் பியர்சன் வேறு எல்லை வைத்திருந்தார். ஓரத்து மொத்தங்கள் தெரிந்தபின் ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தாமே நிரம்பிவிடும். ஆகவே கட்டுப்படாமல் நிற்பது ஒரே கட்டந்தான் என்று 1922ஆம் ஆண்டில் ரொனால்டு ஃபிஷர் எடுத்துக்காட்டினார். பெர்க்லிக் கணக்கிலேயே பாருங்கள்: இடம் பெற்ற பெண்கள் 1,494 என்று எழுதியவுடன், இடம் பெறாத பெண்கள், இடம் பெற்ற ஆண்கள், பெறாத ஆண்கள் யாவும் கழித்தலால் கிடைத்துவிடுகின்றன. பியர்சன் இதனை ஒப்பவில்லை. முறையை வகுத்தவரே அதன் ஒரு கூற்றில் பிழைபட்டார் என்பதையும், இளையவர் சொல்லே நிலைத்தது என்பதையும் இங்கே குறிப்பிட்டு மேலே செல்வோம்.

111 என்பது எல்லைக் கல்லைக் கடந்து நெடுந்தூரம் சென்ற எண். ஆண், பெண் வேற்றுமை தற்செயல் அன்று என்பதில் இனி ஐயமில்லை. இங்கேயே பலர் தாளை மடித்துவிடுவர். பெண்களுக்கு அநியாயம் நடந்தது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றும் கூறிவிடுவர். ஆனால் கணக்கு அவ்வாறு கூறவில்லை. இடங்களைத் தூவி எறிந்ததுபோல் தற்செயலாகப் பங்கிட்டிருந்தால் இவ்வளவு வேற்றுமை வந்திராது என்பதே அது கூறுவது. பகடைக் காய் நேர்மையற்றது என்று தெரிந்ததேயன்றி ஏன் என்று கணக்கால் தெரியவில்லை அல்லவா? அதே நிலையில்தான் இங்கும் நிற்கிறோம்.

வேறொன்றும் உண்டு. 111 என்னும் எண் வேற்றுமையின் பருமனை மட்டும் காட்டுவதில்லை. ஆட்களின் தொகையையும் சேர்த்தே காட்டுகிறது. இதே 44 வீதமும் 35 வீதமும் பத்தில் ஒரு பங்கு ஆட்களிடம் காணப்பட்டிருந்தால் கை-வர்க்கமும் பத்தில் ஒன்றாகி 11 ஆயிருக்கும். நூறில் ஒரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 127 பேரிடம் காணப்பட்டிருந்தால் 1.1 தான், எல்லைக் கல்லுக்கு உள்ளேயே அடங்கிவிடும். எனவே ஆட்களின் தொகையைக் கூறாமல் நூற்று வீதத்தை மட்டும் கூறும் அறிக்கையைக் கொண்டு எவரும் எதையும் சோதிக்க முடியாது. அவ்வறிக்கையைத் திருப்பி அனுப்பித் தொகையைக் கேட்டு வாங்குவதே முறை.

பெர்க்லிக்குத் திரும்புவோம். அங்கே புள்ளியியல் அறிஞர் பீட்டர் பிக்கெல், மானிடவியலார் யூஜீன் ஹாம்மெல், வில்லியம் ஓகானல் ஆகிய மூவரும் இதனை ஆராய்ந்து 1975ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. இடம் கொடுப்பது பல்கலைக் கழகமா? அன்று, தனித்தனித் துறைகளே விண்ணப்பங்களைப் பார்த்து இடம் கொடுக்கின்றன. அநியாயம் நடந்திருந்தால் துறைகளில்தான் நடந்திருக்கவேண்டும். ஆகவே துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால் குற்றம் செய்த துறைகள் வெளிப்பட்டுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஒப்பிடத்தக்க துறைகள் 85 இருந்தன. அவற்றுள் பெண்களுக்குப் பாதகமாகக் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்பட்டவை நான்கே. ஆண்களுக்குப் பாதகமாகக் காணப்பட்டவையோ ஆறு!

இது எவ்வாறு என்பதை, எண்கள் அச்சில் கிடைக்கும் ஆறு பெருந்துறைகளைக் கொண்டு பார்க்கலாம். துறைகளின் பெயர்களைப் பல்கலைக் கழகம் வெளியிடாமையால் அ முதல் ஊ வரை பெயரிட்டுக்கொள்வோம். ஆறிலும் சேர்த்து விண்ணப்பித்த ஆண்கள் 2,691. இடம் பெற்றோர் 1,198. பெண்கள் 1,835, இடம் பெற்றோர் 557. வீதம் 45க்கு 30. ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டால் கை-வர்க்கம் 92. பெண்களுக்கு 711 இடங்களுக்கு மேல் எதிர்பார்க்கலாம், கிடைத்தவை 557, குறைவு 154. வளாகம் முழுவதற்கும் கண்ட அதே கதைதான்.

அ துறையைத் தனியே எடுத்தால், ஆண்கள் 825 பேரில் 512 பேருக்கும் பெண்கள் 108 பேரில் 89 பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அஃதாவது 62 வீதத்துக்கு 82 வீதம். கை-வர்க்கம் 17, வேற்றுமை மெய்யானது, ஆனால் பெண்களுக்குச் சாதகமானது. ஆ துறையில் 560 ஆண்களில் 353, 25 பெண்களில் 17. பெண்களின் வீதம் சற்று மேல். இ துறையில் 325 ஆண்களில் 120, 593 பெண்களில் 202. ஆண்களின் வீதம் சற்று மேல். ஈ துறையில் 417இல் 138, 375இல் 131. உ துறையில் 191இல் 53, 393இல் 94. ஊ துறையில் 373இல் 22, 341இல் 24. ஆ முதல் ஊ வரையிலான ஐந்து துறைகளிலும் கை-வர்க்கம் ஒன்றையொட்டியோ அதற்குக் கீழோ நிற்கிறது. எல்லைக் கல்லின் அருகே கூட எதுவும் வரவில்லை. தனித்தனியே பார்த்தால் ஒரு துறையிலும் பெண்கள் ஒதுக்கப்படவில்லை. சேர்த்துப் பார்த்தால் 154 பெண்களைக் காணோம்!

இதில் மாயம் ஏதுமில்லை. அ, ஆ என்னும் இரு துறைகளிலும் விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு 63, 64 பேருக்கு இடம் கிடைத்தது. இ, ஈ துறைகளில் 35 பேர் அளவில். உ துறையில் 25. ஊ துறையில் 6 பேருக்கே கிடைத்தது. ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர், 1,385 பேர், கதவு அகலத் திறந்திருந்த முதல் இரு துறைகளுக்கு விண்ணப்பித்தார்கள். பெண்களில் அவ்விரு துறைகளுக்கு விண்ணப்பித்தவர்கள் 133 பேர்; ஏனைய 1,702 பேரும் இடம் அரிதாகக் கிடைக்கும் நான்கு துறைகளின் வாயிலில் நின்றார்கள். அங்கே ஆண்களும் அதே அளவில்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

எனவே நியாயமான எதிர்பார்ப்பு யாது என்பதை மீண்டும் கணக்கிடவேண்டும். ஆறு துறைகளுக்கும் பொதுவான ஒரே வீதத்தைக் கொண்டு எதிர்பார்த்தது தவறு. ஒவ்வொரு துறையிலும் அத்துறையின் வீதத்தைக் கொண்டு பெண்களுக்கு எதிர்பார்க்கத்தக்க இடங்களைக் கணக்கிட்டால் 70, 16, 208, 127, 99, 22 என்று வருகின்றன. கூட்டினால் 542. கிடைத்தவை 557. அதே 557 பெண்கள். 711க்கு எதிரில் வைத்தால் பெருங்குறை, 542க்கு எதிரில் வைத்தால் சிறிது மிகுதி. பிரிவு பிரிவாக எதிர்பார்ப்பைக் கணக்கிட்டுப் பிறகு கூட்டிச் சோதிக்கும் இம்முறையை 1959ஆம் ஆண்டில் மாண்டெல், ஹென்செல் என்னும் இருவர் செம்மையாக வகுத்தார்கள். கூட்டினால் ஒரு திசையும் பிரித்தால் மறு திசையும் காட்டும் இவ்விந்தையை யூல் என்பவர் 1903ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். 1951ஆம் ஆண்டில் எழுதிய சிம்ப்சனின் பெயரால் அது இன்று வழங்குகிறது.

ஆயின் பெர்க்லிப் பெண்களுக்குக் குறையே இல்லை என்று முடிவு செய்யலாமா? அம்மூவரும் அவ்வாறு செய்யவில்லை. கணிதப் பயிற்சி மிகுதியாக வேண்டப்படும் துறைகளில் இடம் எளிதில் கிடைத்தது. அத்துறைகளுக்குப் பெண்கள் செல்லவில்லை. சிறுமியாக இருந்தபோதே வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் வேறு வழியில் திருப்பப்பட்டு, நெரிசல் மிகுந்த, பண உதவி குறைந்த துறைகளுக்கு வந்து சேர்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். துறைத் தலைவர்களைத் தண்டித்தால் அக்குறை தீராது. சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தொடங்கவேண்டும். சோதனை முதலில் தந்த 111ஐ மட்டும் நம்பியிருந்தால் பழி வேறொருவர் மேல் விழுந்திருக்கும், நோயும் அப்படியே கிடந்திருக்கும்.

நம் சங்கங்களைப் பற்றிய ஆய்வுகளில் இவ்விதக் கலப்பு நேர நிரம்ப இடம் உண்டு. அங்கத்தினரான நெசவாளர்களையும் அல்லாதவர்களையும் ஒப்பிட்டு, ஆண்டு முழுதும் தறி ஓடிய வீடுகள் எந்தப் பக்கத்தில் மிகுதி என்று ஒருவர் எண்ணுவதாகக் கொள்வோம். பட்டுத் தறிக்காரர் பெரும்பாலும் ஒரு பக்கத்திலும் முரட்டு நூல் தறிக்காரர் மறு பக்கத்திலும் இருந்தால், அவர் ஒப்பிட்டது சங்கத்தையா, நூலையா? குடியானவர் சங்கங்களிலும் நஞ்சைக்காரர் எத்தனை, புஞ்சைக்காரர் எத்தனை என்று பிரித்துக் கேட்காமல் கடன் தவறியோரை ஊருக்கு ஊர் ஒப்பிடுவது, கிணற்றையும் வானத்தையும் ஒப்பிடுவதாக முடியும். நூல் ரகத்தின்படியும் நிலத்தின்படியும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே நான்கு கட்டம் போடச் சொல்லவேண்டும்.

அவ்வாறு பிரிக்கும்போது கட்டங்களில் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். எதிர்பார்ப்பு எண்ணிக்கை எக்கட்டத்திலும் ஐந்துக்குக் குறையாதிருக்கவேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. குறைந்தால் அட்டவணை சரிவரப் பொருந்தாது. பிரிவுகள் பெருகினால் மற்றொரு தொல்லையும் வரும். 85 துறைகளை 85 முறை சோதித்தால், ஒரு துறையிலும் ஒரு பாரபட்சமும் இல்லாவிடினும், நூற்றுக்கு ஐந்து என்னும் கணக்கில் சராசரியாக நான்கு துறைகள் தற்செயலாக எல்லையைத் தாண்டும். எத்தனை முறை சோதித்தார் என்பதை மறைத்துத் தாண்டியதை மட்டும் அச்சிடுபவரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

நம்மவர் அடிக்கடி மறப்பது வேறு ஒன்று. ஒவ்வோர் ஆளும் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு முறைதான் எண்ணப்படவேண்டும்; ஒருவர் விடையை மற்றவர் விடை இழுத்துச் செல்லவும் கூடாது. ஒரே கூரையின் கீழ்த் தந்தையும் மூன்று மக்களும் நெய்தால் நான்கு தறிகள் இருக்கலாம். ஆனால் சங்கத்தில் சேர்வதா வேண்டாவா என்பதில் அந்நால்வருக்கும் ஒரே மனம்தான். அவர்களை நால்வராக எண்ணினால் ஆட்களின் தொகை பொய்யாகப் பெருகி, கை-வர்க்கமும் அதனோடு பெருகிவிடும். அங்கே வீட்டைத்தான் ஒன்றாக எண்ணவேண்டும். இவ்வாறே, ஆய்வாளர் சங்கக் கட்டிடத்துக்கு வந்து, அன்று அங்கே கூடியிருந்தவர்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனால், கூடாதவர்களைப் பற்றி அவருடைய கணக்கு ஒன்றும் சொல்லாது. அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்த பெயர்களைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாரா என்று விசாரிப்பது நலம்.

இச்சோதனை தலைகளை எண்ணுவதற்கே உரியது. கடன் செலுத்தினார், செலுத்தவில்லை. தறி ஓடியது, நின்றது என்று பிரித்து எண்ணக்கூடியவற்றை இதனால் ஆராயலாம். கூலி எத்தனை ரூபாய், விளைவு எத்தனை மூட்டை என்று அளக்கப்படுவனவற்றைக் கட்டத்தில் இட்டு வர்க்கமாக்குதல் தகாது. அவற்றின் சராசரிகளை ஒப்பிடுவதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. டப்ளின் நகரத்து கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட் என்பவர், 'மாணவன்' என்று பொருள்படும் புனைபெயரில் 1908ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். வாற்கோதுமை விளைச்சலைச் சில பாத்திகளில் மட்டும் பார்த்து முடிவு கூறவேண்டிய நெருக்கடி அவருடைய தொழிலில் இருந்தது. விவசாய அங்கத்தினர்களுக்கு நேரே பயன்படக்கூடிய அதனை மற்றோர் இதழில் எடுத்துக்கொள்வோம்.